ஜோடி மாறிய குண்டு

பட்டறைக் கூரையின் கண்ணாடி வழியே மதிய வெயில் மேசைமேல் விழுகிறது. எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளின் வால்வுகள், எஃகுக் குண்டும் அது உட்காரும் வளையமுமாக, ஜோடி ஜோடியாகத் துணியில் கிடக்கின்றன. போன மாதம் இறந்த தன் கணவரின் கருவிப்பெட்டியை எடுத்துப்போக வந்திருக்கும் அக்கா, ஒரு குண்டை எடுத்துப் பக்கத்து வளையத்தில் வைக்கிறாள். "எல்லாம் ஒண்ணு போலத்தானேடா இருக்கு?" பட்டறையில் வேலை செய்யும் தம்பி அதைச் சோதனைக் கருவியில் வைத்துக் காற்றை உறிஞ்சவிடுகிறான். ஏறிய முள் நிற்காமல் மெல்லச் சரிகிறது. "சேத்துத் தேய்ச்ச ஜோடிதான்க்கா சேரும். மாறினா கசியும்." "இதுக்குத்தானே அவரை வேலையைவிட்டு அனுப்பினாங்க" என்கிறாள், சாதாரணமாக. அந்தத் தவறு நடந்த அன்று இரண்டு பம்புகளின் குண்டுகளையும் ஒரே தட்டில் கொட்டிக் கழுவியவன் தம்பி. மாமாமேல் பழி விழுந்தபோது தலைகுனிந்து நின்றவனும் அவன்தான். விரல்களைச் சட்டையில் துடைக்கிறான். துடைத்த விரல்களையே மறுபடியும் துடைக்கிறான். "மாத்திப் போட்டது நான்க்கா." அக்கா பெட்டியின் கொக்கியை மாட்டுகிறாள். "அவருக்குத் தெரியும்டா. உன் வாயைத் திறக்க ஸ்பேனர்தான் வேணும்னு சிரிப்பாரு. ஆஸ்பத்திரியில கதவு திறக்குறப்பல்லாம், வந்தது உன் தம்பியான்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு."