சத்து எதில் அதிகம்?

"இந்தப் பொம்பளைக்கு வெக்கமே இல்லியா?" என்றாள் அடுத்த கட்டில் ரத்தினம்மா.

கேட்க மாட்டாளா பின்னே? பிள்ளை பெற்ற தாட்சாயணி ரத்தமில்லாமல் வெளுத்துப் படுத்திருக்கிறாள். அவளுக்கு வந்த கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாமியார் கிருஷ்ணம்மா நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா, தன் ஊர் விதை போட்டுப் பச்சையாய் ஒரு கோஸ்பூ வளர்த்திருந்தார். பிராக்கோலியாம். அதை வேகவைத்து ஒரு கிண்ணம், கூடவே தக்காளி சாஸ் ஒரு கிண்ணம், இரண்டும் பங்களாவிலிருந்து தினமும் தாட்சாயணிக்கு வரும்.

முதல் நாளே கிருஷ்ணம்மா நர்ஸ் ஜெயகுமாரியைக் கேட்டாள்.

"ரெண்டுல எதும்மா சத்து அதிகம்?"

"தக்காளியும் நல்லதுதான். ஆனா சாஸ்ல சர்க்கரையும் காடியும் சேர்ந்திருக்கு. பூவுலதான் சத்து ஜாஸ்தி. ரத்தம் ஊறும்."

கேட்டதுதான் தாமதம், பூ மாமியாருக்கு, சாஸ் மருமகளுக்கு என்று ஆகிவிட்டது.

"சத்து எதுன்னு வெசாரிச்சிக்கினு இல்ல துன்றா! பந்திக்கு முந்தறவ" என்று ரத்தினம்மா வார்டு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

நாலைந்து நாள் கழித்து டாக்டரம்மா தாட்சாயணியின் கண் இமையைப் புரட்டிப் பார்த்தார்.

"தேறவே இல்லை. இப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து. பூவைச் சாப்பிடுகிறாளா இல்லையா?"

அவர் போனதும் ஜெயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயாவது வாயத் தொறந்து கேக்கக் கூடாதா தாட்சாயணி?"

"அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க நர்சம்மா. தாயில்லாத எனக்கு அவங்கதான் எல்லாம். நான் குடுத்து வெச்சவ."

நல்ல அசடு இது என்று நினைத்துக்கொண்டே ஜெயகுமாரி கிருஷ்ணம்மா பக்கம் திரும்பினாள்.

"அவ பொழைக்கணும்னு குடுக்கறத நீ தின்னுட்டு உக்காந்திருக்கியே, நீயெல்லாம் மனுஷிதானா?"

கிருஷ்ணம்மா கோபப்படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"திட்டுங்கம்மா. ரெண்டு உசுரையும் காப்பாத்திக் குடுத்த மகராசிங்க, உங்களுக்கு இல்லாத உரிமையா? தக்காளி எங்க வடமாலபேட்டை கொல்லையிலயே காய்க்குது, தெரிஞ்ச பொருளு. இந்தப் பூவு பேரே வாயில நுழையல. சத்து வேற ஜாஸ்தின்னீங்க. புள்ள பெத்த பச்ச உடம்பு, தாங்குமோ தாங்காதோன்னு பயந்துட்டேன்."

அன்றைக்கு வந்த பூவை அவள் தொடவில்லை. கிண்ணத்தை அப்படியே மருமகள் கையில் வைத்தாள்.

"கெடுதல் இருந்தா என்னோட போவட்டும்னுதான் இத்தினி நாளு துன்னு பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆவல. இனிமே நீ பயமில்லாம துன்னும்மா."