ஒரிஜினல் லைனிங்

மெக்கானிக் சடையப்பன் கிரீஸ் கையைப் பட்டுத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் ஜெகநாதனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஆரணியில் அப்பா காலத்திலிருந்து பட்டு விற்கிறவர் அவர். தறியிலிருந்து இறங்கிய புடவையைக் கை கழுவாமல் தொடமாட்டார். இங்கே ஒருத்தன் அரக்குப் பட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, சக்கரத்து அழுக்கை அள்ளி அள்ளி வழிக்கிறான். ஓரத்து ஜரிகை கன்னங்கரேல் என்று தொங்கியது. எல்லாம் கிரீஸ். பட்டின் அருமை தெரியாத ஜென்மம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று காலை போளூர் ரயில்வே கேட்டில் அவருடைய அம்பாசடர் நிற்காமல் போய், மூடின கேட்டை இடிக்காத குறையாக நின்றது. பெடல் தரையைத் தொட்டுவிட்டது. மறுநாள் விடிந்தால் திருப்பதிப் பயணம். பேத்திக்கு முதல் மொட்டை. மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லையென்றால் குடும்பமே பள்ளத்தில்தான்.

அப்படியும் ஷெட்டுக்குக் கூலி கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பிரேக் ஷூவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து தானே மாட்டிவிடுவதாக மனைவி கிருஷ்ணம்மாளிடம் சொன்னார். கடையில் ஃபேன் ரிப்பேர் செய்து சுவரெல்லாம் புகையான கதையை அந்தம்மா நினைவுபடுத்தினாள். அந்தக் கையை நம்பிக் குழந்தையை மலையேற்ற முடியாது என்று முடித்துவிட்டாள்.

ஷெட்டுக்கு வந்த பிறகும் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "ஷூ செட்ட மட்டும் குடுய்யா. நான் வூட்ல மாட்டிக்கிறேன்."

சடையப்பன் நிமிரவில்லை. "தாராளமா மாட்டலாம் முதலாளி. மாட்டிட்டு ஆயில் ஊத்தி, பைப்புல நிக்கிற ஏர எடுக்கணும். ஒருத்தர் பெடல மிதிக்கணும், ஒருத்தர் அடியில படுக்கணும். அம்மா மிதிப்பாங்க. நீங்க படுத்துக்கிறீங்களா?"

ஜெகநாதன் வண்டிக்கு அடியில் பார்த்தார். கழிவு ஆயில் ஊறின மண். யாரோ துப்பிய வெற்றிலை எச்சில். அதில் ஈ. தன் வெள்ளை வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீயே செய் என்றார்.

ஸ்டூலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். பழைய ஷூவின் மேல் ஒட்டியிருந்த தேய்ந்த லைனிங்கின் தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. மூக்கைப் பொத்திக்கொண்டே மெக்கானிக் ஜாதியையே திட்டத் தொடங்கினார். பழசைத் துடைத்துப் புதுசு என்று மாட்டுகிற திருடர்கள். கம்பெனி டப்பாவில் மட்டச் சரக்கை அடைத்து விற்கிற அயோக்கியர்கள். இவர்கள் வீட்டில் எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்றார்.

"எங்க கடைக்கு வந்து பாரு. பொண்ணப் பெத்தவன் எவனாவது ஜரிகைய உரசிப் பாக்கிறானா? கண்ண மூடிகினு வாங்கினு போங்கன்னுவேன். வாங்கினு போவான். அதான்யா நாணயம்."

சடையப்பனின் கையில் ஸ்பேனர் சற்று நின்றது. "ஆமாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் திருகினான்.

புது ஷூக்களை அவன் பழைய செய்தித்தாள் பொட்டலத்திலிருந்து எடுத்தான். டப்பா எங்கே என்று ஜெகநாதன் கேட்டார். மழையில் நனைந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றான். அவர் உறுமிக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வேலை முடிந்தது. ஜெகநாதன் பெடலை மிதித்துப் பார்த்தார். கல்லு மாதிரி நின்றது. பஸ் ஸ்டாண்டுவரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். தொட்ட இடத்தில் வண்டி நின்றது. அழுக்குப் பிடித்தவனுக்கும் வேலை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கூலியை அவன் கையில் விரல் படாமல் ஸ்டூலின் மேல் போட்டார். ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்துவதற்கு முன்னால் பேச்சுவாக்கில் கேட்டார். "லைனிங் ஒரிஜினல்தானேய்யா?"

சடையப்பன் அந்தப் பட்டுத் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். பிறகு அதன் மடிப்பைப் பிரித்தான். கிரீஸ் படாத உள்பக்கம், தலைப்பின் மூலையில் ஊதா மையில் ஒரு முத்திரை இருந்தது. ஜெகநாதனின் கடை முத்திரை.

அவர் பார்வை ஓரத்துக்கு ஓடியது. மடிப்புக்குள் பத்திரமாக இருந்த ஜரிகையும் கறுத்துத்தான் கிடந்தது. அது கிரீஸ் இல்லை. செம்பு. எவனும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஜரிகையைத் தறிக்குக் கொடுத்தவரே அவர்தான்.

"எம் பொண்ணு சாவித்திரியோட முகூர்த்தப் பொடவைங்க. மொத நாளு தகதகன்னுதான் இருந்துச்சு. தல தீவாளிக்குள்ள கறுத்துப்போச்சு. மட்டப் பொடவையக் கட்டி அனுப்பி ஏமாத்திட்டேன்னு சம்பந்தியம்மா எம் மூஞ்சிலயே வீசினாங்க."

ஜெகநாதனின் கால் பெடலின் மேலேயே இருந்தது. இப்போதும் கல்லு மாதிரிதான் இருந்தது. மொட்டையடிக்கப் போகிற குழந்தையின் தலையும், வளைந்து வளைந்து இறங்குகிற மலைப்பாதையும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா. ஒரிஜினலா, இல்லியா?"

சடையப்பன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கார்க் கதவை மெதுவாகச் சாத்தினான்.

"கண்ண மூடிகினு ஓட்டிகினு போங்க, முதலாளி."