ஒன்பது கிலோ துரை

“உண்மையைச் சொல்லிடு. எனக்குத் தெரியாம துரைக்கு என்ன போடறே?”

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றான் தையல்காரன். கையில் எடை எழுதும் நோட்டு. கீரை அலசிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் கீரையே வெந்திருக்கும்.

“நீங்க அளந்து வைக்கறதுக்கு மேல ஒரு காம்பு போட்டிருந்தாக்கூட என்னை ஏன்னு கேளுங்க.”

“அப்போ ஒன்பது கிலோ எப்படி வந்துது? காத்தைக் குடிச்சா?”

துரை என்பது அவர்கள் வளர்க்கும் முயல். முயல் என்றதும் உள்ளங்கைக்குள் அடங்குகிற பஞ்சுருண்டையை நினைத்துவிடக் கூடாது. இது ராட்சத இனம். சோபாவில் நீட்டிப் படுத்தால் வீட்டுக்காரன் தரையில்தான் உட்கார வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நாய் என்று நினைத்துக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால் கால்நடை டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். “ஏழு கிலோ இருக்கான். இவன் உடம்புக்குத் தினமும் அஞ்சு கப் கீரை, காய்கறி போதும். வயிறு நிறைய வேண்டியது உலர்ந்த புல்லுல. கேரட் மிட்டாய் மாதிரி, எப்பவாவது ஒரு துண்டு. எட்டு கிலோவைத் தாண்ட விட்டுடாதீங்க, பாதம் புண்ணாயிடும்.”

தையல்காரன் அளவு என்றால் உயிரை விடுகிறவன். அன்றைக்கே ஒரு எடை மெஷின் வாங்கிவந்து, ஞாயிறு தவறாமல் எடை பார்த்து எழுத ஆரம்பித்தான். ஏழு. ஏழே கால். ஏழே முக்கால். பயந்துபோய் ஐந்து கப்பை நாலாக்கினான். எட்டே கால். மூன்றாக்கினான், கேரட்டை அடியோடு நிறுத்தினான். இன்றைக்கு ஒன்பது.

“பாவங்க அவன். காலித் தட்டை வாயால தூக்கி வீசறான். நேத்து உங்க செருப்பு வாரைக் கடிச்சுத் தின்னுட்டான்.”

“பட்டினி கிடக்கறவனுக்கு எடை எப்படிம்மா கூடும்?”

அவள் குழாயை மூடினாள். குரல் இறங்கிவிட்டது. “அதாங்க எனக்கும் பயமா இருக்கு. வயித்துக்குள்ள கட்டி கிட்டி ஏதாவது வளருதோ?”

அவனுக்கும் அதே பயம்தான். வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாமல்தான் திருட்டுப் பழியை அவள் தலையில் போட்டுப் பார்த்தான்.

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. துரையைக் கூடையில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டரம்மா துரையின் வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். “கட்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஜம்முனு இருக்கான்” என்றதும் தையல்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு துரையை மேஜை மேலிருந்த எடைத் தட்டில் உட்கார வைத்தார். முகம் மாறியது. “என்ன சார், ஆறரைதான் காட்டுது! அரை கிலோ இளைச்சிருக்கான். சரியா சாப்பாடு போடறதில்லையா?”

“ஆறரையா? நேத்து ஒன்பதுங்க! உங்க மெஷின் ரிப்பேர்.”

“பார்த்தீங்களா, என் பிள்ளையைப் பட்டினி போட்டே கொன்னிருப்பீங்க!” என்று மனைவி பாய்ந்தாள்.

டாக்டரம்மா கையமர்த்தினார். “இருங்கம்மா. வீட்டுல எப்படி எடை பார்க்கறீங்க?”

தையல்காரன் நெஞ்சை நிமிர்த்தினான். “இவன் மெஷின்ல தனியா நிக்க மாட்டான், குதிச்சு ஓடிடுவான். அதனால இவ தூக்கி வச்சுக்கிட்டு ஏறி நிப்பா. வர்ற எடையில இவளோட அம்பத்தெட்டைக் கழிச்சுடுவேன். மீதி துரை. என் கணக்குத் தப்பாதுங்க.”

“அந்த அம்பத்தெட்டு எப்போ பார்த்தது?”

“மெஷின் வாங்கின அன்னைக்கு. நாலு மாசம் ஆச்சு.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சார், கூடினது முயல் இல்லை. உங்க வீட்டம்மா.”

“நானா?” மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நல்லா இருக்கே! நானே ரெண்டு மாசமா வாய்க்கு ருசியா ஒண்ணும் இறங்காம, கீரை வாசனை வந்தாலே குமட்டிக்கிட்டு...”

அப்படியே நிறுத்தினாள். நாள் எண்ணி எண்ணி ஏமாந்து, எண்ணுவதையே விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது விரலை மடக்கி ஒரு முறை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். கண் நிறைந்துவிட்டது, உதடு சிரித்தது.

“அம்மா, நான் விலங்குகளுக்குத்தான் டாக்டர்” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “எதிர்க் கட்டடத்துல பிரசவம் பார்க்கற டாக்டர் இருக்காங்க. இப்பவே போங்க. துரையை நான் பார்த்துக்கறேன், அஞ்சு கப் கீரையோட.”

தையல்காரன் அவள் இடுப்பைப் பார்த்தான். போன மாதம் அவளுடைய சட்டைகளுக்குப் பக்கத் தையலைப் பிரித்துவிட்டவனே அவன்தான். துணி சுருங்கிவிட்டது என்று விற்றவனைத் திட்டிக்கொண்டே பிரித்தான். பதினோரு வருடமாக இருவரும் காத்திருந்த ஆளை, கண்ணுங்கருத்துமாக வாராவாரம் எடைபோட்டு, முயலின் கணக்கில் எழுதி வைத்திருந்தான்.