தோற்றவர்களுக்குக் கைதட்டல்

நான்காவது கோல் விழுந்தது.

கேலரி கைதட்டியது.

வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து, ஜெர்சியில் மண்ணைத் துடைத்து, நடுக்கோட்டை நோக்கி உதைத்த சொந்தக் கல்லூரி கீப்பருக்குத்தான் அந்தக் கைதட்டல்.

கேலரியில் உட்கார்ந்திருந்த பழைய கோச் மட்டும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

போன வருடம் வரை இந்த அணிக்கு அவர்தான் கோச். ஏழு வருடம் இருந்தார். கடைசி மேட்சில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். வெளியே வந்தபோது அவர் பைக்கைச் சுற்றிக் கூட்டம் நின்றது. இரண்டு டயரிலும் காற்று இல்லை. இனி இந்த கிரவுண்டு பக்கம் வரப்படாது என்று முதலில் கத்தியவன் ததேயு. துறைமுகத்தில் படகு என்ஜின் ரிப்பேர் செய்கிறவன். ஒரு மேட்ச் விடமாட்டான்.

அதே ததேயு இப்போது பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பயலுவ பாதிக்கு மேல பர்ஸ்ட் இயரு, பாத்தியளா சாரே. புது டீமுல்லா. மூணு வருசமாவது குடுக்கணும்."

மூன்று வருடம்.

அவர் ஒரு வருடம்தான் கேட்டார். முதல்வர் அறையில் நின்றுகொண்டு கேட்டார். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் படிப்பு முடிந்து போய்விட்டார்கள், அணியை முதலிலிருந்து கட்ட வேண்டும் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை வெளியே யாரோ கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கோட்டுக்கு வெளியே லாசர் நின்றான். புது கோச். அவரைவிடப் பத்து வயது சின்னவன். நான்கு கோல் வாங்கியும் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைக் காட்டி, இடத்தை மாற்றி நிறுத்தினான்.

என்ன நிதானம்.

பின்னால் ஊரே பொறுத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும்.



ஐந்தாவதும் விழட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். அந்த அணியில் இரண்டு பேர் அவரே தேடிப் பிடித்துச் சேர்த்த பிள்ளைகள். அது நினைவிருந்தும் வேண்டிக்கொண்டார்.

விழுந்தது.

கைதட்டல் இன்னும் கூடியது.

ஆட்டம் முடிந்து கேலரி காலியாகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. லாசர். இரண்டு படி கீழே உட்கார்ந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தான். மூடி திரும்பவில்லை. அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டான்.

"உங்களுக்கும் முதல் வருசம் இப்பிடித்தான் கைதட்டினாங்களாம்ணே. ததேயு சொன்னாரு."

அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

தட்டினார்கள். தோற்ற அன்றெல்லாம் தட்டினார்கள். ஒருமுறை ஆறு கோல் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போனால், வாசலில் ஒரு முழு நெய்மீனோடு ததேயுவின் மனைவி நின்றாள். சார் மனசு விடப்படாது என்றாள்.

லாசர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பம்ணே நிறுத்தினாங்க?"

ஒரு பொய் அவர் நாக்குவரை வந்தது. நிறுத்தமாட்டார்கள், தைரியமாக இரு என்று சொல்லி அனுப்பிவிடலாம். போய் விழட்டும்.

"நாங்க முதல்ல ஜெயிச்ச அன்னைக்கு" என்றார்.

லாசர் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை ஜெயித்தார்கள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஒரு கார்னர். கூட்டத்துக்கு நடுவிலிருந்து மெலிந்த ஒரு பையன் எம்பித் தலையால் முட்டினான். அவ்வளவுதான். கேலரி முழுவதும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அவர் மட்டும் மேல் படியில் இருந்தார்.

லாசரைத் தூக்கினார்கள். ஒரு கால் ததேயுவின் தோளில், இன்னொரு கால் யாரோ ஒருவனின் தோளில்.

"அடுத்தது யுனிவர்சிட்டி கப்பு! விடப்படாது சாரே!"

ததேயுவின் குரல் இங்கே வரை கேட்டது. நூறு வாய்கள் அதைப் பிடித்துக்கொண்டன. கப்பு. கப்பு. கப்பு.

மேலே லாசரின் முகம் வெளிறியது. தலையைத் திருப்பித் திருப்பிக் கேலரியில் தேடினான். கண்டுபிடித்தான். அவரைப் பார்த்தபடியே இருந்தான்.

ஒரு தலையசைப்பாவது கொடுத்திருக்கலாம்.

அவர் கண் அந்தத் தோள்களை விட்டு நகரவில்லை. எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உட்கார்ந்தால் மதிலுக்கு அப்பால் கடல் தெரியும். சாயங்கால வெயிலில் தகடுபோல் தெரியும். அவரையும் தூக்கிய அன்று பார்த்திருக்கிறார். ஒரே ஒருமுறை.

லாசர் கடல் பக்கம் திரும்பவே இல்லை.