துறைமுக வாயில் இரண்டு விளக்குகள்

பச்சை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு இருந்தது. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை.

ஓவியா கணவன் வரைந்த படத்தைத் தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தாள்.

மறுநாள் பரணிக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் மெடிக்கல். ரயில் ஓட்டும் வேலை. பரீட்சையெல்லாம் தாண்டிவிட்டான், இனி கண்ணைத்தான் பார்ப்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"நடந்து நடந்து எனக்குத் தலை சுத்துது. உக்காந்து நீயும் போடு" என்று பிரஷ்ஷை அவன் கையில் திணித்தவள் ஓவியாதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாட்டர் கலர் சொல்லிக்கொடுப்பவள் அவள்.

போன வாரம் இருவரும் பார்த்துவிட்டு வந்த மீன்பிடித் துறைமுகத்தையே போட உட்கார்ந்தார்கள். அவள் படத்தில் முன்னால் படகுகள், தூரத்தில் கடலுக்குத் திறக்கும் துறைமுக வாய், அதற்கு இரு பக்கமும் விளக்குக் கம்பங்கள், பின்னால் அந்தி வானம். வலப்பக்க விளக்கு சிவப்பு, இடப்பக்கம் பச்சை. போனில் எடுத்த போட்டோவிலும் அப்படித்தான் இருந்தது.

பரணி போட்டோவைத் திரும்பியும் பார்க்கவில்லை. படிப்புக்கு நடுவே வருஷக்கணக்கில் அப்பாவோடு அங்கிருந்து விசைப்படகில் போனவனுக்குப் போட்டோ எதற்கு? தண்ணீரின் அசைவு அவளுடையதைவிட நன்றாகவே வந்திருந்தது.

"விளக்குக்குப் பின்னாடி ஐஸ் கம்பெனியும் வீடுமா அடைச்சு வெச்சிருக்கே? வானத்துக்குக் கொஞ்சம் இடம் விடக்கூடாதா?" என்று கிண்டல் செய்தாள். அவன் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அப்புறம்தான் அந்த விளக்குகளின் நிறம் கண்ணில் பட்டது. வலப்பக்கம் பச்சை. இடப்பக்கம் சிவப்பு.

தட்டில் கலர்களைப் பிதுக்கி வைத்தது அவள். எது எந்தக் கலர் என்று அதில் பெயரா எழுதியிருக்கிறது?

மாமியார் முத்தாலம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை ஞாபகம் வந்தது. அவள் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதானாம். பச்சைப் புடவைக்காரியைப் பெண் பார்க்கப் போய், சிவப்புப் புடவைக்காரியைப் பிடித்திருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தானாம்.

பரணிக்குத் தாய்மாமன். ஓவியா போனில் தேடினாள். தாய் வழியாகத்தான் ஆண் பிள்ளைகளுக்கு வரும் என்றது போன். நேற்று பழுத்த தக்காளி கேட்டதற்கு அவன் பச்சைக் காயாக வாங்கி வந்ததும் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

உள்ளே இருக்க முடியாமல் பால்கனிக்கு வந்தாள். கட்டடங்களின் இடுக்கில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் சிக்னல் தெரிந்தது. செங்கல்பட்டு லோக்கல் கடந்து போனது. படியில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள், ஜன்னலோரம் ஒரு பூக்காரி. சிக்னல் சிவப்புக்கு மாறியது.

சொல்லாமல் விட்டால் நாளை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து அனுப்பிவிடுவார்கள். தப்பித்தவறிக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால்? அந்தப் பூக்காரியின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

பரணி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "இன்னா, இங்க வந்து நின்னுகினு கீறே? முகம் ஏன் ஒரு மாதிரி கீது?"

"நாளைக்குப் போகாதே பரணி."

"எங்க?"

"மெடிக்கலுக்கு. இந்த வேலையே வேணாம்."

அவன் கையில் துண்டு அப்படியே நின்றது. "வெளையாடுறியா? கண் முழிச்சுப் படிச்சது இதுக்குத்தானா? அப்பாகிட்ட இனிமே போட்டுல வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்போ போயி இன்னா சொல்றது?"

"எதையாவது சொல்லு. நான் சம்பாதிக்கிறேன். நீ ரயில் மட்டும் ஓட்டாதே."

"ஏன்னு சொல்லேன்!"

அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. "உனக்குக் கலர் தெரியல பரணி. உங்க மாமாவுக்கு மாதிரியே. சிவப்புக்கும் பச்சைக்கும் உனக்கு வித்தியாசம் தெரியல. உன் பின்னாடி ஆயிரம் பேர் உக்காந்திருப்பாங்க."

"யாரு சொன்னா?"

அவள் விடுவிடுவென்று உள்ளே போய் இரண்டு படங்களையும் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். "நீயே பாரு. ரெண்டும் ஒரே துறைமுகம். எனக்கு வலப்பக்கம் சிவப்பு. உனக்கு வலப்பக்கம் பச்சை."

பரணி படங்களை வாங்கினான். இதையும் பார்த்தான், அதையும் பார்த்தான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவன் உதட்டோரம் மெல்ல விரிந்தது.

"நான் சரியாத்தான் போட்டிருக்கேன். நீயும் சரியாத்தான் போட்டிருக்கே."

"அது எப்படி?"

ஈரம் இன்னும் காயாத தன் படத்தை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

"நீ கரையில நின்னுகினு கடலைப் பாக்குறே. நான் கடல்லேர்ந்து வூட்டுக்கு வந்துகினு கீறேன்."