பேட்டரி இறங்குகிற இடம்

டிரைவர் சங்கிலிப்பாண்டியை இன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் மஞ்சு ஸ்கூட்டரை எடுத்தாள்.

தென்காசியில் அவளுக்கு இருப்பது ஒரே ஒரு வாடகைக் கார். சாரல் சீசனில் அது ஓடுகிற ஓட்டம்தான் வருஷம் முழுதும் வீட்டைத் தாங்கும். அந்த வண்டி இப்போது, அருவியில் குளித்துவிட்டு ஆட்கள் திரும்புகிற நேரமாகப் பார்த்துப் படுத்துக்கொள்கிறது. ஈரத் துண்டோடு வந்தவர்களே இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. வருஷா வருஷம் வருகிற ஒரு குடும்பம், அடுத்த முறை வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

கார் எலக்ட்ரீஷியன் மசூது பாய் பொறுமையாகத்தான் பார்த்தார். எஞ்சின் சுற்றும்போது கூடவே டைனமோவும் சுற்றி, பேட்டரிக்குக் கரண்ட் ஊட்டும். இவள் வண்டியின் டைனமோவுக்குள் கார்பன் தேய்ந்து, சார்ஜ் ஏறாமல் போயிருந்தது.

உதிரிபாகக் கடையில் பளபளவென்ற அட்டைப்பெட்டியில் ஒரு டைனமோவை எடுத்து நீட்டினார்கள். பாய் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கனம் பத்தாது, உள்ளே செம்பு குறைச்சல் என்றார். கம்பெனி நம்பர் பொறித்த, வாரண்டி உள்ள ஒன்றாகத் தேடி வாங்கி மாட்டினார். பேட்டரியும் புதிதாகப் போட்டாயிற்று.

அந்த வாரமே வண்டி மறுபடியும் படுத்தது.

பாய் மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் நன்றாக ஏறியது. நிறுத்திய பிறகு எந்த ஒயரிலும் கசிவு இல்லை.

"பொருள்ல குத்தம் இல்ல, தங்கச்சி. வண்டி நிக்கும்போது யாரோ கரண்ட்டத் திங்குதாக."

யாரோ என்ன யாரோ. வண்டி நிற்கும்போது கூட இருப்பது டிரைவர் சங்கிலிப்பாண்டி ஒருவன்தான். பாட்டுக் கேட்கிறாயா, ஃபேனைப் போட்டுத் தூங்குகிறாயா என்று மஞ்சு கேட்டுப் பார்த்தாள். இல்லை யக்கா என்று தலையைச் சொறிந்தான். துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

மீதியை, அவனோடு கார் ஸ்டாண்டில் நிற்கிற இன்னொரு டிரைவர் முத்துச்செல்வம் சொன்னான்.

"பழைய குற்றாலத்துல, பொம்பளைக உடுப்பு மாத்துத ரூமைப் பாக்க வண்டிய நிறுத்திட்டு லைட்டடிக்கான் யக்கா. எங்களுக்கே கூசுது."

மஞ்சுவுக்குக் காது சுட்டது. பேட்டரியாவது ஒன்றாவது.

குற்றாலத்தைத் தாண்டியதும் மலையே கீழே இறங்கி வந்துவிட்டதுபோல மேகம் ரோட்டில் படுத்திருந்தது. சாயங்காலம்தான் என்றாலும் வெளிச்சம் தண்ணீரில் கரைந்த பால்போல இருந்தது. மரங்களின் மேல்பாதியைக் காணவில்லை. சாரல் விழுகிறதா, மிதக்கிறதா என்று தெரியவில்லை. எங்கோ அருவி விழும் சத்தம் மட்டும் தூக்கத்தில் யாரோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. மஞ்சு தன் கோபத்தைக்கூட ஒரு கணம் மறந்துபோனாள்.

பழைய குற்றாலத்தை நெருங்கியபோதுதான் இரண்டு விளக்குகள் மேகத்துக்குள் மிதந்து தெரிந்தன.

அவள் கார்தான். எஞ்சின் ஓடவில்லை. ஹெட்லைட் நேராகப் பெண்கள் உடை மாற்றும் அறையின் வாசலில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் சாரல் வெள்ளி நூலாக இறங்க, பெண்கள் ஈரத்தோடு உள்ளே போவதும் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தார்கள்.

மஞ்சு விறுவிறுவென்று போய்க் கார்க் கதவைத் திறந்தாள்.

சீட்டில் யாரும் இல்லை.

சங்கிலிப்பாண்டி காருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அறைக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்தபடி. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஏலே, இங்கன என்ன பண்ணுத?"

அவன் அவளைப் பார்த்துத் திகைத்தான். ஆனாலும் முழுதாகத் திரும்பவில்லை. சாரல் வலுத்தால் இங்கே கரண்ட் போய்விடுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். இருட்டு அறைக்குள் போகப் பயந்து, பெண்கள் பிள்ளைகளோடு நடுங்கிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்களாம். வெளிச்சம் அடித்தால் உள்ளே போகிறார்களாம்.

"மழையில எதுக்கு நிக்க?"

"சீட்டுல இருந்தா அங்கன பாத்தாப்லல்லா இருக்கும்."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"பொம்பளைக உடுப்பு மாத்துத சமாச்சாரம். ஒங்ககிட்ட எப்படி யக்கா பேச?"

மஞ்சு அவனையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கு மஞ்சளாகி மங்கத் தொடங்கியிருந்தது.

"எஞ்சின ஓட விட்டிருந்தா டைனமோ சார்ஜ் ஏத்தியிருக்கும். பேட்டரி இறங்கியிருக்காது. இதுகூடவா தெரியாது ஒனக்கு?"

"தெரியும் யக்கா. ஆனா எஞ்சின் ஓடுனா டீசல் ஒங்க காசுல்லா. ஊராருக்காக அத எரிக்க மனசு வரல. லைட்டு மட்டும்னா, புதுப் பேட்டரி தாங்கிரும்னு நெனச்சேன்."

மஞ்சு சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி முனகியது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. மங்கின வெளிச்சம் சட்டென்று வெளுத்து வாசல் முழுக்கப் பரவியது.

சத்தம் கேட்டு, பதறிப்போய் அவன் முன்னால் வர அடி எடுத்து வைத்தான்.

"டீசல் ஏங் காசு, எரியட்டும்லே," என்றாள் மஞ்சு. "நீ திரும்பாம அப்படியே நில்லு."