கதவைத் திறக்காதவள்

“நான் கதவைத் திறக்க மாட்டேன் சார்.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. சொன்னவள் கடைசி பெஞ்சுப் பெண். கேட்டால்தான் பேசுவாள், கேட்டாலும் பாதி நாள் பேசமாட்டாள். அதனால் வகுப்பில் அவளுக்கு ‘வாயில்லாப்பூச்சி’ என்றே பெயர்.

சரித்திர வாத்தியாருக்குச் சுருக்கென்றது. வாரம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்ற நடத்திய பாடம். நாஜிகள் வீடு வீடாகத் தேட, யூதக் குடும்பங்கள் பரணிலும் நிலவறையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னார். உயிரைப் பணயம் வைத்து அவர்களை ஒளித்து வைத்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

கடைசியில், “அப்படி ஒரு குடும்பம் உங்க வீட்டுக் கதவைத் தட்டினா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். போட்டி போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார்கள். ஒருவன் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பானாம். ஒருத்தி தன் கட்டிலையே கொடுத்துவிடுவாளாம். வீரத்துக்கு வகுப்பில் பஞ்சமே இல்லை.

இவள் ஒருத்தி மட்டும் திறக்க மாட்டாளாம்.

“ஏம்மா?”

“எங்க வீடு சின்னது சார். ஒரே ரூம்தான்.”

“ஒரு பரண்ல ஒரு குடும்பமே இருந்திருக்கு. இத்தனை நாளா நான் யாருக்குச் சொன்னேன்?”

“நமக்கெதுக்கு வம்புன்னு அம்மா திட்டுவாங்க சார்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “சரியான கல்நெஞ்சுக்காரி சார்!” என்றான் முன் வரிசைக்காரன். அவள் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

நடுவிலிருந்து இன்னொருவன் எழுந்தான். “சார், நம்ம சுருட்டை வீட்டுக்கு வேன் வந்துச்சே, அது மாதிரியா சார் இது?”

சிரிப்பு அடங்கிப்போயிற்று. சுருட்டை முடிக்காரி உட்கார்ந்திருந்த இடம் போன மாதத்திலிருந்து காலி. ‘வெளியாட்கள்’ என்று அரசு முத்திரை குத்திய குடும்பங்களை வேனில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். சுருட்டையின் குடும்பம் மட்டும் வேன் வருவதற்குள் மாயமாகிவிட்டது. இன்னும் தேடுகிறார்கள். இடம் கொடுத்தவனுக்கும் சிறை, தெரிந்தும் சொல்லாதவனுக்கும் சிறை என்று தெருவுக்குத் தெரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

வாத்தியார் அவசரமாகச் சன்னல் பக்கம் பார்த்தார். “அது வேற, இது வேற. இது சரித்திரம். உட்காரு.”

அந்தக் கடுப்பும் சேர்ந்து வாயில்லாப்பூச்சியின் மேல் திரும்பியது. “நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா.”

“அம்மாவுக்கு லீவு கிடைக்காது சார்.”

“அப்ப இன்னிக்குச் சாயங்காலம் நானே வர்றேன்.”

“வேண்டாம் சார்!” அவள் முகம் வெளுத்துவிட்டது. அடி விழும் என்று பயப்படுகிறாள், படட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சொன்னபடியே போனார். கீழே லாண்டரி, மேலே மூன்று மாடி, ஆள் உரசாமல் ஏற முடியாத படிக்கட்டு. ‘பிள்ளையை இப்படியா வளர்ப்பீங்க’ என்று பெற்றவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும். அந்த நாலு வார்த்தையையும் அடுக்கிக்கொண்டே ஏறினார். கதவருகே மூச்சு வாங்க நின்றார். மெல்லிய பலகைக் கதவு. உள்ளே பேசுவது கேட்டது.

“இன்னிக்கு சார் என்ன நடத்தினாரு?”

வாத்தியார் திடுக்கிட்டார். வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்டு அவரைத் துளைத்தெடுத்த குரல் அது. சுருட்டையின் குரல்.

“மெதுவாப் பேசுடி.” இது வாயில்லாப்பூச்சி. “ஒளிஞ்சிருந்தவங்களைக் காப்பாத்தினவங்க பத்தி நடத்தினாரு. அவர் இங்க வந்தாலும் வருவாரு. நீங்க எல்லாரும் கட்டிலுக்கு அடியில போயிடுங்க.”

“வந்தா என்னடி? சார் ரொம்ப நல்லவரு. அவர்கிட்ட மட்டும் சொல்லிடலாம். தம்பிக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது, மருந்தாவது வாங்கித் தருவாருல்ல?”

வாத்தியாருக்குத் தெரு நோட்டீஸ் ஞாபகம் வந்தது. தெரிந்தும் சொல்லாதவனுக்கும் சிறை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி படி இறங்கினார். கீழே துணி மடித்துக்கொண்டிருந்த லாண்டரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “வீடு மாறி வந்துட்டேங்க” என்றார் வாத்தியார், கேட்காமலே.

மறுநாள் காலையில் மணி அடிக்கும் முன்பே தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார்.

“அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணை வேற வகுப்புக்கு மாத்திடுங்க சார்.”

“ஏன், அது பாட்டுக்கு இருக்கிற பிள்ளையாச்சே. என்ன பண்ணுச்சு?”

“கொஞ்சங்கூட ஈவு இரக்கம் இல்லாத பொண்ணு சார்” என்றார் சரித்திர வாத்தியார். “அவளை எதிர்ல வெச்சுக்கிட்டு என்னால இந்தப் பாடத்தை நடத்த முடியாது.”